பாடசாலைச் செலவு கூடுகிறது, சரி. எதற்குக் கூடுகிறது?

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு வருடத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று அதன் அதிபரிடமே கேட்டுப் பாருங்கள், உறுதியான ஒரு தொகை வராது. அவர் மறைக்கிறார் என்றில்லை. அவருடைய காசேட்டில் இருப்பது மொத்தச் செலவின் ஒரு ஓரம்தான். மீதியெல்லாம் வேறு வேறு அலுவலகங்களில், வேறு வேறு கணக்குகளில் நடக்கிறது, சிலது எந்தக் கணக்கிலுமே ஏறுவதில்லை. அதனால்தான் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் யாராவது எழுந்து "போன வருசத்தவிட செலவு கூடிப்போச்சே" என்று சொன்னால், எந்தச் செலவைச் சொல்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

பெரியதிலிருந்து தொடங்குவோம். ஆசிரியர் சம்பளம்.

மலையகத் தோட்டப் பாடசாலைகளில் அநேகமானவை மாகாணப் பாடசாலைகள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாண சபைகளின் கீழ் போனவை. சம்பளம் வலயக் கல்விப் பணிமனையில் தயாராகி நேரே ஆசிரியரின் வங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறது. அதில் ஒரு ரூபாய்கூடப் பாடசாலைக் கணக்கைத் தொடுவதில்லை, ஆகவே பெற்றோரும் அதைப் பாடசாலைச் செலவாக நினைப்பதில்லை. ஆனால் ஒரு பாடசாலையை நடத்த அரசாங்கம் போடும் பணத்தில் மிகப் பெரிய பங்கு அதுதான். மற்றதெல்லாம் சேர்ந்தாலும் அதற்குப் பக்கத்தில் வராது.

ஒரு கணக்குக்காக ஒரு பாடசாலையைக் கற்பனை செய்துகொள்வோம். 180 பிள்ளைகள், 14 ஆசிரியர்கள், ஆளுக்குச் சராசரியாக மாதம் 60,000 ரூபாய். வருடத்துக்கு ஒரு கோடியே 80 ஆயிரம் ரூபாய், அதாவது ஒரு பிள்ளைக்கு 56,000. சில வருடங்களில் தோட்டத்துக் குடும்பங்கள் கொழும்புப் பக்கம் வேலைக்குப் போய்விட்டன, பிறப்பும் குறைந்துவிட்டது, பிள்ளைகள் 120 ஆகிவிட்டார்கள் என்று வையுங்கள். ஆசிரியர்களை அதே வேகத்தில் குறைக்க முடியாது, ஏனென்றால் வகுப்புகள் அப்படியே இருக்கின்றன. ஆறாம் வகுப்பில் 9 பிள்ளைகள் இருந்தாலும் கணிதத்துக்கு ஒருவர் வேண்டும், விஞ்ஞானத்துக்கு ஒருவர் வேண்டும். ஒருவர் மாற்றலாகிப் போய் 13 பேர் மிஞ்சினால் மொத்தச் சம்பளம் 93 இலட்சத்து 60 ஆயிரம். மொத்தம் குறைந்துவிட்டது. ஆனால் ஒரு பிள்ளைக்கு என்று பார்த்தால் 78,000. ஒரே பாடசாலை, ஒரே வருடம், ஒருவர் செலவு குறைந்தது என்பார், இன்னொருவர் கூடியது என்பார், இரண்டு பேர் சொல்வதும் சரி. சிறிய பாடசாலைகளை மூடலாமா, பக்கத்துப் பாடசாலையோடு சேர்க்கலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் மேசைக்கு வருவது இந்த இரண்டாவது எண்தான். அதை வைத்து முடிவெடுப்பவர்கள் பக்கத்துப் பாடசாலை என்பது மலையகத்தில் எத்தனை வளைவு, எத்தனை ஏற்றம் என்பதையும் ஒரு தடவை நடந்து பார்த்தால் நல்லது.

சம்பளம் கூடுகிற விதமும் பாடசாலைக்கு வெளியேதான் நடக்கிறது. 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர், அதிபர்கள் சம்பள முரண்பாட்டுக்காக நடத்திய போராட்டம் ஞாபகமிருக்கும். அதன் பலனாக 2022 தொடக்கத்தில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ரூபாய்க்குக் கட்டம் கட்டமாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். இப்படி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பாடசாலையின் வருடச் செலவும் எகிறும், ஆனால் வகுப்பறைக்குள் ஒரு வெண்கட்டி கூடுதலாக வராது. ஆசிரியருக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை, விலைவாசியைப் பார்த்தால் கொடுத்ததே பத்தாது. அந்த உயர்வைப் பிள்ளைக்குச் செய்த புதிய செலவாக வாசிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் நம்மவர்கள் பார்த்திருக்கிறார்கள். பெருந்தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களுக்கு, சுமார் பத்து வருடங்களுக்கு முன்பு, மூவாயிரம் பேரளவில் ஆசிரிய உதவியாளர்களாக எடுத்தார்கள். உயர்தரம் முடித்த நம் பிள்ளைகள்தான். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய், பிறகு 10,000. முழு ஆசிரியர் செய்யும் வேலையையே செய்தார்கள். அந்த வருடங்களின் கணக்கை எடுத்தால் தோட்டப் பாடசாலைகள் வெகு சிக்கனமாக நடந்தது போலத் தெரியும். உண்மையில் அந்தச் சிக்கனத்தைத் தங்கள் வீட்டிலிருந்து கொடுத்தது அந்த இளைஞர்கள். பஸ் காசுக்கே சம்பளம் போதாமல் அப்பா அம்மாவிடம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் அவர்கள் பயிற்சி முடித்து ஆசிரியர் சேவைக்குள் வந்தபோது செலவு ஒரேயடியாக ஏறியது. அதே ஆள், அதே வகுப்பு, அதே பாடம். செலவு மட்டும் பல மடங்கு.

கொஞ்சம் பழைய கதையும் வேண்டும், இல்லாவிட்டால் இன்றைய நிலை புரியாது. இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். தோட்டத்துப் பிள்ளைக்கு அது அந்த வருடம் வரவில்லை. பள்ளிக்கூடம் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருந்தது: ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. தோட்டத்தை நடத்திய துரைக்கு அது தோட்டச் செலவில் ஒரு வரி, முடிந்த அளவுக்குக் குறைக்க வேண்டிய வரி. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானதற்குப் பிறகு, 1977 முதல் கட்டம் கட்டமாக அரசாங்கம் இந்தப் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்றது. கிராமத்துப் பாடசாலைகள் முப்பது நாற்பது வருடங்களாக அரச பணத்தில் கட்டடம், தளபாடம், ஆய்வுகூடம் என்று சேர்த்துக்கொண்டிருந்தபோது, நம் பாடசாலைகள் அப்போதுதான் கணக்கையே தொடங்கின. 1980களின் நடுவில் சுவீடனின் அரச உதவி நிறுவனமான சீடாவின் உதவி வந்த பிறகுதான் பல இடங்களில் செங்கல் கட்டடம் எழும்பியது, ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்விக் கல்லூரியும் வந்தது. ஆகவே இன்று ஒரு தோட்டப் பாடசாலைக்கு ஒரு வருடத்தில் திடீரென்று பெரிய தொகை ஒதுக்கப்பட்டால், அது சலுகை போலத் தெரிந்தாலும், பெரும்பாலும் பழைய பாக்கிதான்.

அடுத்தது பொருளாக வரும் செலவு. பாடநூல் 1980 முதல் இலவசம், சீருடை 1993 முதல் இலவசம். இவற்றுக்கும் பாடசாலைக் கணக்கில் தொகை கிடையாது. சமீப வருடங்களில் சீருடைத் துணியின் பெரும்பகுதி சீனாவின் நன்கொடையாக வந்தது, அதனால் அரசாங்கத்தின் செலவு குறைந்தது, பிள்ளைக்கு வந்த துணி அப்படியேதான் இருந்தது. புத்தகமும் இலவசம்தான், ஆனால் வலயத்திலிருந்தோ கோட்டத்திலிருந்தோ பாடசாலைக்கு ஏற்றிவர லொறிக்கூலி இருக்கிறதே, அதை யாரோ கொடுக்கத்தான் வேண்டும். பிரதான வீதியில் இருக்கும் பாடசாலைக்கு அது ஒரு ஆட்டோ ஹயர். தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கும் பாடசாலைக்கு, தேயிலை லொறி போகிற பாதையும் மழையில் கழுவிக்கொண்டு போயிருந்தால், கடைசி அரை மைல் பிள்ளைகளின் தலையில்.

சரி, இப்போது பாடசாலை தானாக முடிவெடுத்துச் செலவழிக்கக்கூடிய பணத்துக்கு வருவோம். கட்டுரையே இதற்காகத்தான்.

தர உள்ளீட்டுப் பணம் என்று ஒன்று இருக்கிறது. ஆசிரியர்கள் பேச்சில் 'குவாலிட்டி இன்புட்'. 2000ஆம் ஆண்டளவில் ஒரு சூத்திரத்தின் அடிப்படையில் இதைப் பகிரும் முறை வந்தது, பிள்ளைத் தொகை, வகுப்புப் பிரிவு எல்லாம் பார்த்து இந்தப் பாடசாலைக்கு இவ்வளவு என்று வரும். கடுதாசி, வெண்கட்டி, விளையாட்டுப் பொருள், விஞ்ஞானப் பாடத்துக்கான இரசாயனம், வாசிப்புப் புத்தகம், சின்னத் திருத்த வேலை எல்லாம் இதிலிருந்துதான். 2006 முதல் பாடசாலை மேம்பாட்டுத் திட்டம் வந்து, எதை வாங்குவது என்பதைப் பாடசாலையே திட்டமிடலாம் என்று ஆனது. நல்ல ஏற்பாடு. இந்தப் பணத்துக்குத்தான் உண்மையான அர்த்தத்தில் "பாடசாலையின் வருடச் செலவு" என்ற பெயர் பொருந்தும்.

ஆனால் மொத்தச் செலவு ஏற ஏற இந்தப் பங்கின் பலம் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அடுத்த வருடம் செப்டம்பரில் அது 1.3 சதவீதம். பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொன்னதைக் கேட்டுச் சாமான் விலை குறைந்ததாக நினைத்தவர்கள் நிறையப் பேர். விலை குறையவில்லை, ஏறிய இடத்திலேயே நின்றது. கணக்குப் போட்டால் 2021 செப்டம்பரில் 100 ரூபாய் 2023 செப்டம்பரில் சுமார் 58 ரூபாய்ச் சாமானைத்தான் வாங்கும். ஒரு பாடசாலைக்கு இரண்டு வருடமும் ஒரே தொகை வந்திருந்தால் கணக்கறிக்கையில் மாற்றமே இல்லை என்று எழுதியிருக்கும், அலுமாரியில் மட்டும் கிட்டத்தட்டப் பாதி காலி. தொகை 30 சதவீதம் கூட்டிக் கொடுக்கப்பட்டிருந்தால்கூட, பொருளாளர் "இம்முறை கூடுதலாகக் கிடைத்தது" என்று பெருமையாக வாசித்திருப்பார், வாங்கியதோ முன்னைவிடக் குறைவு.

சராசரி விலையாவது பரவாயில்லை. பாடசாலை வாங்குகிற சாமான் சராசரியைவிட மோசமாக ஏறியது, ஏனென்றால் கடுதாசியும் டோனரும் இறக்குமதி. டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டது. 2022 மார்ச்சில் கடுதாசி இல்லாமல் மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சைகளை ஒத்திவைத்தார்கள், கொழும்புக்கே அந்தக் கதி என்றால் பொகவந்தலாவைக்குச் சொல்ல வேண்டுமா. மின்சாரக் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம் ஏறியது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கினால் ஏறத்தாழ 2.9 மடங்கு. 2024இல் இரண்டு தடவை குறைத்தார்கள், ஆனால் அந்த இடைப்பட்ட காலத்தில் கொம்பியூட்டர் அறையைப் பூட்டி வைத்த பாடசாலைகள் இருந்தன, பில்லுக்குப் பயந்துதான்.

மலையகத்துக்கே உரிய செலவுகள் எந்தச் சூத்திரத்திலும் வருவதில்லை என்பது என்னுடைய பெரிய மனக்குறை. தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் ஜூன், ஜூலை மழையில் ஒரு பாடசாலை அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். போட்டோகொப்பிக் கடுதாசி பெட்டிக்குள்ளேயே நமுத்துப்போய் அலை அலையாக வளைந்திருக்கும். மெஷினில் வைத்தால் இரண்டு மூன்று தாள் ஒன்றாக இழுத்துக்கொண்டு உள்ளே சிக்கும். கடுதாசிக் கட்டைப் பொலித்தீனில் சுற்றி, மின்குமிழுக்குப் பக்கத்தில் காய வைத்து, இரண்டிரண்டு தாளாக ஊதி ஊதிப் பிரித்து வைக்கும் ஆசிரியையை எல்லாப் பாடசாலையிலும் காணலாம். அப்படியும் ஒரு கட்டில் பத்து, இருபது தாள் வீண். மெஷின் பழுதானால் திருத்துகிறவர் ஹட்டனிலிருந்தோ கண்டியிலிருந்தோ வர வேண்டும், வருகிற செலவு திருத்துகிற செலவைவிடக் கூட. கையால் சுற்றுகிற ரோனியோ மெஷின் இதைவிடத் தாக்குப்பிடித்தது என்று பழைய ஆசிரியர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

தண்ணீரும் அப்படித்தான். குழாய்த் தண்ணீர்ச் சபையின் பில் இல்லையே என்று வெளியே இருந்து பார்ப்பவர் நினைக்கலாம். மலையில் ஊற்றிலிருந்து பைப் போட்டுப் பீலிக்குக் கொண்டுவந்த தண்ணீர், ஒரு பெரிய மழைக்கு மண் அடைத்து நின்றுவிடும், அல்லது பைப்பே கழன்று கீழே போய்விடும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை பைப், இணைப்பு, சிரட்டை அளவு சீமெந்து, பெற்றோரில் நாலு பேரின் ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் அவர்கள் தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடாமல் விட்டால் போவது அவர்களுடைய சம்பளம், பாடசாலையின் செலவு எங்கும் எழுதப்படாமல் அங்கே போய் விழுகிறது. கூரைத் தகரம் ஈரத்தில் துருப்பிடிக்கிற வேகமும் சுவரில் பாசி ஏறுகிற வேகமும் அனுராதபுரத்துப் பாடசாலைக்குத் தெரியாது.

மண்சரிவு இதெல்லாவற்றையும்விடப் பெரியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்ட பிறகு பாடசாலைக்குப் பின்னால் இருக்கும் மேட்டைச் சந்தேகத்தோடு பார்க்காத அதிபர் இல்லை. தாங்குசுவர் கட்டுவது மூலதனச் செலவு, அதைச் செய்யப் பாடசாலையிடம் எந்தப் பையும் கிடையாது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வாங்கி மாகாணத்தின் வரிசையில் நிற்க வேண்டும்.

நன்கொடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவுக் கோட்டைக் கண்ணை ஏமாற்றும் விதமாக வளைப்பது அவைதான். இந்தியா 9 பெருந்தோட்டப் பாடசாலைகளின் உட்கட்டமைப்புக்கான உதவியை 30 கோடி ரூபாயிலிருந்து 60 கோடியாக இரட்டிப்பாக்கியது. நல்லது, மனதார வரவேற்கலாம். ஆனால் எந்தக் கட்டடமும், எந்த ஸ்மார்ட் வகுப்பறையும் வந்த வருடத்தில் மட்டும் செலவாவதில்லை. திறப்பு விழாப் படம் பத்திரிகையில் வரும். மூன்றாவது வருடத்தில் புரஜெக்டரின் விளக்குப் போய்விடும், யூபிஎஸ் பெட்டரி இறந்துவிடும், பூச்சுச் சுவரில் கறுப்பு ஏறும். கொடுத்தவர் பராமரிப்புக்கு ஒரு சதம்கூட வைத்துவிட்டுப் போயிருக்க மாட்டார். மாற்றுப் பெட்டரி வாங்க தர உள்ளீட்டிலிருந்து எடுத்தால் வாசிப்புப் புத்தகத்துக்கு இல்லை. இலவசமாகக் கிடைத்த பொருள் ஒன்று பாடசாலையின் சொந்தத் தீர்மானத்தில் இருந்த பணத்தைச் சாப்பிடத் தொடங்குவது இப்படித்தான். ஒரு நன்கொடையாளரைச் சந்திக்கப் போகிற பழைய மாணவர் சங்கத்துக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒரு கொம்பியூட்டரைக் குறைத்துக் கேளுங்கள், அந்தக் காசை ஐந்து வருடப் பராமரிப்புக்கு எழுதி வாங்குங்கள்.

பள்ளம் விழுந்த இடத்தை நிரப்புவது கடைசியில் பெற்றோர்தான். கட்டாயமாகப் பணம் வசூலிக்கக் கூடாது என்று சுற்றறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன, அப்படித் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதிலேயே நடப்பது என்ன என்று தெரிகிறது. பரீட்சைத் தாளுக்கு, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வகுப்பின் போட்டோகொப்பிக்கு, மாலைநேர வகுப்புக்கு வரும் ஆசிரியருக்கு என்று சின்னச் சின்னத் தொகைகள். வகுப்பாசிரியர் மாத முற்பகுதியில் கேட்கமாட்டார். தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி வாக்கில் என்பது அவருக்குத் தெரியும், பதினோராம் பன்னிரண்டாம் திகதிதான் கொப்பியை எடுப்பார். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2016இல் 500, 2019இல் 700, 2021இல் 900 (கொடுப்பனவோடு சேர்த்து 1,000), 2024இல் 1,350 ரூபாய். எட்டு வருடத்தில் 2.7 மடங்கு என்று சொன்னால் பெரிதாகத் தெரியும், ஆனால் அதே காலத்தில் அரிசியும் மாவும் பஸ் கட்டணமும் போன தூரத்தை அடுக்களையில் நிற்பவரிடம் கேட்க வேண்டும். 2025 தொடக்கத்தில் அஸ்வெசும என்ற அரச நிவாரணம் பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் 300க்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகளுக்கும் உபகரணங்கள் வாங்க 6,000 ரூபாய் கொடுத்தது பல வீடுகளில் உண்மையாகவே கைகொடுத்தது. அது பாடசாலைக்கு வந்த பணம் இல்லை, ஆனால் பாடசாலைச் செலவின் ஒரு பகுதியை வீட்டின் தோளிலிருந்து இறக்கிய பணம்.

நாட்டின் மொத்தக் கணக்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்குக் கொடு என்று பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் 2012இல் வீதிக்கு இறங்கினார்கள், இன்னும் அது 2 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது.

அப்படியானால் ஒரு பெற்றோர், சங்கக் கூட்டத்தில் கொடுக்கும் அந்த ஒற்றைத் தாளை எப்படி வாசிப்பது? ஒரு வருடத்தை அடுத்த வருடத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள், ஐந்து வருடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். அந்த ஐந்திலும் ஒரு தடவை மட்டும் நடந்தவற்றை, அதாவது கூரை மாற்றியது, பவளவிழாக் கொண்டாடியது, நன்கொடையாக வந்தது எல்லாவற்றையும் பென்சிலால் வெட்டிவிடுங்கள். மிஞ்சுவதுதான் வழக்கமான செலவு. அதைப் பிள்ளைத் தொகையால் வகுங்கள், பிறகு அந்தத் தொகைக்கு அந்தந்த வருடம் எத்தனை கட்டுக் கடுதாசி வாங்கியிருக்கலாம் என்று பாருங்கள். பொருளியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கடுதாசிக் கட்டின் விலை பழைய பற்றுச்சீட்டுகளிலேயே இருக்கும், கணக்காய்வுக்காக எல்லாவற்றையும் கட்டிவைத்திருப்பார்கள். சங்கப் பணத்துக்கும் தர உள்ளீட்டுக்கும் தனித்தனி வரி கேளுங்கள், ஏனென்றால் ஒன்று இறங்கும்போது மற்றது ஏறுகிறதா என்பதில்தான் சுமை யார் பக்கம் நகர்ந்தது என்பது தெரியும்.

இன்னொன்று, தொகையைப் பார்க்கும் பலர் திகதியைப் பார்ப்பதில்லை. தர உள்ளீட்டுப் பணம் எந்த மாதம் கைக்கு வந்தது என்று கேளுங்கள். மார்ச்சில் வந்தால் மூன்று தவணைக்கும் திட்டமிடலாம். ஒக்டோபர், நவம்பரில் வந்தால் டிசம்பர் 31க்குள் செலவழித்துக் காட்ட வேண்டும், மூன்று விலைமனு எடுக்க ஓட வேண்டும், ஹட்டன் கடையில் அன்று எது இருக்கிறதோ அதுதான் வாங்கப்படும். பொருட்பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் டிசம்பர் மாதத் திகதியோடு எத்தனை கரப்பந்து, எத்தனை சுவர்க்கடிகாரம் என்று எண்ணிப் பாருங்கள், முழு வருடமும் எதற்குத் தட்டுப்பாடு இருந்தது என்பதை ஆசிரியர்களிடம் கேளுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த கூட்டத்தில் பேசலாம்.